ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில், இடது மூலையில், ஒரு எவர்சில்வர் டப்பா பல வருடங்களாக இருந்து வருகிறது. கையகல டப்பா. மூடியில் அத்தையின் பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. கல்லூரி விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் என் மகள் கேலி செய்வாள். "காலி டப்பாவை எதுக்கும்மா குளிர வெச்சிருக்கே? அதுக்கு வேர்க்குதா?" என்பாள். என் கணவர் பல வருடமாகக் கேட்டதே இல்லை. அவருக்கு அது அம்மா வைத்த டப்பா; அம்மா வைத்ததை யாரும் நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான். அது நான் சொன்ன ஒரு பொய்யின் டப்பா என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அத்தை காலமான பிறகு எனக்கு மட்டும் என்றாயிற்று. போன வாரம் வரை அப்படித்தான் இருந்தது.

அத்தை என்றால் என் மாமியார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தியாகராய நகருக்கு வந்து பாத்திரக்கடை போட்ட குடும்பம். மாமனார் மறைந்த பிறகு கடையை மகன் பார்த்துக்கொண்டார் என்று பேருக்குச் சொல்லலாம். சாயங்காலம் அத்தை போய் வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் கடைக்குக் களை வரும். பாத்திரத்தை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே தகடு கனமா லேசா என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் சுண்டிப் பார்ப்பார். ராயப்பேட்டையில் வளர்ந்து, நந்தனத்தில் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னை முதல் வாரத்திலேயே சுண்டிப் பார்த்து, "சத்தம் ஜாஸ்தி, கனம் கம்மி" என்று பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்னாராம். அந்த அம்மாள் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். பல வருடம் அது என் மனசில் கிடந்து உறுத்தியது. சொன்னதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் எல்லாம் அத்தையின் ராஜ்யம் என்றாலும், தலைநகரம் ஃப்ரிட்ஜ்தான். சைவக் குடும்பம். மேல் தட்டில் சாமிக்கு வைக்கிற பால். அதன் பக்கத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாம் தட்டில் தயிரும் மாவும். வெங்காயம் நறுக்கிய கிண்ணத்தை மூடாமல் வைத்தால் அன்றைக்குப் பூராவும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். இரண்டு முட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, மல்லித்தழையால் மூடி, ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்தேன். மறுநாளே அத்தை கண்டுபிடித்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பால், தயிர், மாவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, என் கண் முன்னால், தொட்டியில் கொட்டினார். பிறகு உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஃப்ரிட்ஜைத் துடைத்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த மௌனத்துக்கு முன்னால் எனக்கு வாய் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் யாரோ என் முதுகுக்குப் பின்னால் நிற்பது போலவே இருக்கும்.

அத்தைக்குக் காலில் ஒரு புண் வந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். புண் ஆறியது, வயிறு கெட்டது. தண்ணீராகப் போக ஆரம்பித்தது. முதலில் வீட்டு வைத்தியம், பிறகு தெருமுனை டாக்டர், கடைசியில் அடையாறில் ஒரு குடல் டாக்டர். பரிசோதனை செய்துவிட்டு, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கிருமி என்றார். காலுக்குச் சாப்பிட்ட மருந்து குடலில் இருந்த நல்ல கிருமிகளை அழித்துவிட்டது. காலி வீட்டில் இது குடியேறிவிட்டது. ஊசியாகப் போடுகிற பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய்வழியாகக் குடிக்கச் சொன்னார். "ஊசியக் குடிக்கச் சொல்லுதாவ. இது எந்த ஊரு வைத்தியம்?" என்று அத்தை சிரித்தார். நாலாம் நாள் நின்றுவிட்டது. ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். கடைக்குப் போன் போட்டு, புதுசாக வந்த இட்லிக் குண்டானைப் பற்றி மகனிடம் அரை மணி நேரம் விசாரித்தார். ஆள் பிழைத்துவிட்டார் என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

எட்டாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. மருந்து இன்னும் முடியவில்லை, பாட்டில்கள் மேஜையில் மிச்சம் இருந்தன. யாரிடமும் அவர் சொல்லவில்லை. மகன் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். டாக்டர் போனில் எத்தனை தடவை என்று கேட்டபோது, "ரெண்டு வாட்டி, அதுவும் லேசா" என்றார். பொம்பிளை தன் வயிற்றுப்போக்கை ஆம்பிளை டாக்டரிடம் எண்ணிச் சொல்வதா என்ற கூச்சம். எனக்கு எண்ணிக்கை தெரியும். பாத்ரூம் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம். தண்ணீர் இழுக்கிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பகலில் ஒன்பது. ஒவ்வொரு தடவைக்கும் பிறகு போய் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியவளும் நான்தான். அந்த வாசனை என் புடவையில் ஏறி ஆபீஸ் வரை வந்தது. அத்தைக்குக் கேட்காதபடி மாடிப்படிக்குப் போய் டாக்டரைக் கூப்பிட்டு உண்மையான எண்ணிக்கையைச் சொன்னேன். உண்மை பேசுகிறவள் என்று எனக்கு என்மீது அப்போது பெருமைகூட இருந்தது.

மறுபடி பரிசோதனை என்றார் டாக்டர். அடையாறு லேபில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி கொடுத்து, கூடவே ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் தெளிவாகத் தமிழில்தான் இருந்தது: இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வரவும், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தை குப்பியைப் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அப்படி ஒன்று கை மாறுவது இரண்டு பேருக்குமே செத்துப் போகிற மாதிரிதான் இருந்தது. என் கணவர் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சமைக்க வேண்டும், கூடமாட இருக்கிற வேலைக்காரம்மா வந்த பிறகுதான் அத்தையை விட்டு நான் கிளம்ப முடியும். எப்படிப் பார்த்தாலும் பத்தரை ஆகும். ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தேன். மேல் தட்டில் பால். பையைக் கையில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற பால்கனிக்குப் போய், துடைப்பம் மாட்டுகிற ஆணியில் பையை மாட்டினேன். ஏப்ரல் மாதம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் அந்தச் சுவரில் விழும்.

அத்தையின் சட்டத்துக்குப் பயந்து அப்படிச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய் இல்லை. தொட்டியில் கொட்டிய பால் எனக்கு மறக்கவில்லை. ஆனால் மனசைத் தொட்டுச் சொன்னால், என் அருவருப்பும் அதில் இருந்தது. என் பிள்ளை குடிக்கிற பால் இருக்கிற இடத்தில் அதை எப்படி வைப்பது என்ற அருவருப்பு. சட்டம் அத்தையுடையதாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

லேபில் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் பையை வாங்கிக்கொண்டு, "எத்தினி மணிக்கு எடுத்தது மேடம்? ஃப்ரிட்ஜுல வெச்சுத்தான எடுத்துனு வந்தீங்க?" என்றாள். பின்னால் வரிசை நின்றது. இல்லை என்றால் மறுபடி குப்பி, மறுபடி அத்தை தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவது, மறுபடி அரை நாள் லீவு. "ஆமாம்" என்றேன். "சூடா கீதே" என்றாள். "ஆட்டோவுல வந்தேன், வெயில்" என்றேன். அவள் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். ஒரு சின்ன டிக். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ரிசல்ட்டில் இரண்டு வரி இருந்தது. கிருமி இருக்கிறது என்றது ஒரு வரி. கிருமி கக்குகிற விஷம் இல்லை என்றது அடுத்த வரி. டாக்டர் அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ள ஆள் இருக்கான்னு தெரியுது. திருடறானா, சும்மா படுத்திருக்கானான்னு தெரியல" என்றார். மருந்துக்கு நடுவில் எடுத்த டெஸ்டை முழுசாக நம்பவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. ஆறிக்கொண்டிருக்கிற குடலுக்கும் இப்படிப் போகும். மருந்து போதாமலும் இப்படிப் போகும். காகிதத்தைவிட ஆளைப் பார்த்து முடிவெடுப்பதுதான் தன் வழக்கம், ஆனால் ஆள் இரண்டு தடவை என்கிறார், நீங்கள் ஒன்பது என்கிறீர்கள் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "சாம்பிள் ஃப்ரிட்ஜில்தானே இருந்தது?" என்று கேட்டார். அந்த விஷம் சூட்டில் சிதைந்து போகும், அதற்காகக் கேட்கிறேன் என்றும் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். லேப் பெண்ணிடம் சொன்னது அவசரப் பொய். இது தெரிந்தே சொன்னது. தலையை ஆட்டினேன். "அப்ப, மருந்து முடிஞ்சதும் நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

ஊரிலிருந்து வந்த என் கணவரிடம் விஷம் இல்லையாம் என்றேன். அவர் அன்று சாயங்காலமே மயிலாப்பூர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, அம்மாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பூசிக்கொண்டார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மருந்தை நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணிக்கை ஏறியது. அத்தையின் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தண்ணீர் குடிக்கவே பயந்தார், குடித்தால் போக வேண்டுமே என்று. எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். பிடித்த இடங்களில் எல்லாம் விபூதித் தடம் இருக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மறுபடி டெஸ்ட் எடுக்கணும் என்றவர், "ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு வாங்க, இல்லேன்னா கட்டாயம் ஃப்ரிட்ஜ். வெளியில வெச்சா விஷம் கெட்டுப் போயி இல்லைன்னு காட்டிடும். போன தடவை மாதிரியே சரியா வெச்சுடுங்கம்மா" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவருக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. முதல் குப்பியைக் கொடுத்த அன்று காலை கால் கழுவப் பால்கனிக்குப் போனவர் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்திருக்கிறார். பார்த்து, நல்லவேளை, மருமகளுக்குப் புத்தி இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை என்று சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறார். இதையெல்லாம் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். அப்போது முட்டைக்குப் பிறகு பார்த்த அதே மௌனம். மெதுவாக நடந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். கடைசித் தட்டில் இருந்த கத்தரிக்காய், தேங்காய் மூடி, புளிக் கரைசல் எல்லாவற்றையும் எடுத்து மேடைமேல் வைத்தார். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். நான் உதவப் போனேன், கையால் தள்ளினார். அலமாரியிலிருந்து தன் பெயர் வெட்டிய டப்பாவை எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, காலித் தட்டின் மூலையில் வைத்தார்.

"இதுக்குள்ள வையி. மூடி இறுக்கம், வாடை வராது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பாலு கெட்டா வேற பாலு வாங்கலாம்லா" என்றார்.

இந்த முறை விஷம் இருக்கிறது என்று வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் டாக்டர் வந்தபோது அத்தையின் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் காலடியில் நின்றிருந்தேன். என் கணவர் ஜன்னலோரம். டாக்டருக்குக் குழப்பம். இவ்வளவு தீவிரமாக இருக்கிற விஷம் போன தடவை எப்படித் தெரியாமல் போனது? "தப்பா நினைக்காதீங்கம்மா, அந்த முதல் சாம்பிள் கண்டிப்பா ஃப்ரிட்ஜில்தானே இருந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கணவரும் என்னைப் பார்த்தார். பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

"இருந்துச்சு டாக்டர்" என்றார் அத்தை படுக்கையிலிருந்து. "நான்தான் வச்சேன், என் கையால. அவ இல்ல."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். விபூதி பூசிக்கொண்டே பொய் சொல்கிற வாய் என்று ஊரில் யாரைப் பற்றியாவது கேலியாகச் சொல்வார்கள். அத்தையின் வாய் எதற்குமே பொய் சொல்லி நான் கேட்டதில்லை, "ரெண்டு வாட்டி" என்ற அந்தக் கூச்சத்தைத் தவிர. எனக்காக ஒரு பொய் சொன்னார் என்று நெகிழ்ந்து போய் நின்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அழைத்துப் போகும்போது ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர்தான். அடையாறு பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது அத்தையின் கையைப் பிடித்தேன். "அத்தே, என்னை மன்னிச்சிடுங்க. எனக்காக நீங்க டாக்டர்கிட்ட…" என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?" என்றார். கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார். "எம்மவன் அங்ஙன நிக்கான். அவன் காதுல விழுந்தா நாளப்பின்ன ஒன்னோட எப்படிச் சோறு திம்பான்? வீடு ரெண்டாயிரும். நான் இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறேன்? அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. நான் இருக்க மட்டும் சொல்லாத." ஆட்டோ பாலத்தை விட்டு இறங்கியதும், "முட்டைக்கு அன்னைக்கு அப்படிப் பண்ணிருக்கக் கூடாது நான். ஒனக்குப் பயம் காட்டினவ நான்தானே" என்றார். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுதேன்.

மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. கிருமி போனது. ஆனால் போன பலம் திரும்பவில்லை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியிலிருந்து அதற்குப் பிறகு அவர் கடைக்கு இறங்கவே இல்லை. வாசல் ஸ்டூல் காலியாகவே கிடந்து, பிறகு அதன்மேல் குக்கர் பெட்டிகள் ஏறின. இரண்டு வருடம் கழித்துத் தூக்கத்திலேயே இதயம் நின்று போனார். குடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். சம்பந்தம் இல்லைதான். அந்தக் கடைசித் தட்டில் அவர் வைத்த டப்பாவை மட்டும், அவர் கொதிநீரில் கழுவித் திரும்ப வைத்த இடத்திலேயே, நான் விட்டுவைத்தேன்.

போன வாரம் எனக்கு வயிறு சரியில்லாமல் அதே அடையாறு டாக்டரிடம் போனேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அத்தையை ஞாபகம் வைத்துச் சொன்னார். "அவங்களை மறக்கவே மாட்டேன். ஒழுங்கா ஃப்ரிட்ஜில் வெச்சுக் கொண்டுவந்த சாம்பிளே நம்மை ஏமாத்தும்னு எனக்குக் கத்துக்கொடுத்தவங்க. என்கிட்ட படிக்க வர்ற டாக்டர்களுக்கு இப்பவும் அவங்க கதையைச் சொல்றேன்" என்றார். நான் சொன்ன பொய் அங்கே உட்கார்ந்து இத்தனை வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அத்தையைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேருக்கு இந்தக் கதை போகும்? எழுந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"டாக்டர், அது ஃப்ரிட்ஜில் இல்லை. துடைப்பத்து ஆணியில தொங்கிச்சு. லேபுக்கு வந்து சேர அஞ்சரை மணி நேரம். வெச்சது நான்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "ஃப்ரிட்ஜில் வெச்சதா அவங்களே என்கிட்ட சொன்னாங்களே" என்றார். "என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னாங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளிரில் வைத்திருந்தாலும் ஒருவேளை அப்படியே வந்திருக்கலாம், அதுவும் நடப்பதுண்டு, இனிமேல் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை இனிச் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு எனக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, ஒரு குப்பியைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் விடிகாலை அந்தக் குப்பியை அத்தையின் டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, கடைசித் தட்டில் அதே மூலையில் வைத்தேன். மேல் தட்டில் சாமிக்குப் பால் இருந்தது. அதை நகர்த்தவில்லை. காபிக்குப் பால் எடுக்க வந்த என் கணவர், கதவைத் திறந்தபடி குனிந்து பார்த்தார். மூடியில் புதிதாகப் படிந்திருந்த என் விரல் ஈரம் தெரிந்ததோ என்னவோ.

"அம்மா டப்பாவுல என்ன வெச்சிருக்கே?" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

நான் இருக்கும்வரை சொல்லாதே என்றுதான் அத்தை கேட்டிருந்தார். அடுப்பை அணைத்தேன்.

"உட்காருங்க" என்றேன். "உங்க அம்மா எனக்காக ஒரு பொய் சொன்னாங்க."